சித்தாள் வேலையிலிருந்து கொத்தனார் வரை... கரண்டி பிடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாம்!

வீடு கட்டிக்கொண்டிருக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சிமென்ட் விலை, எம் சாண்ட் விலை, பேங்க் லோன் என்று வரிசையாகப் புலம்பிவிட்டுக் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நிற்பார்கள். "எல்லாம் கிடைக்குதுப்பா, நல்ல கொத்தனார் கிடைக்கிறதுதான் குதிரைக் கொம்பா இருக்கு!"

அதே தெருவில் ஒரு பையன், "நான் கொத்து வேலை கத்துக்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும்? "இவ்ளோ படிக்க வச்சது சிமென்ட் சுமக்கவா?"

ஆள் இல்லை என்று ஒருபக்கம் தவிப்பு, அந்த வேலைக்குப் போனால் கௌரவம் இல்லை என்று மறுபக்கம் தயக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கான கைடு இது. பத்தாவதோடு நின்றவர், சிவில் டிப்ளமோ முடித்து சைட்டில் நிற்பவர், லீவு நாளில் அப்பாவோடு வேலைக்குப் போகிறவர் என யாராக இருந்தாலும் சரி, கொத்தனார் ஆவது எப்படி, எவ்வளவு நாள் ஆகும், எங்கே ஏமாறுவோம், எங்கே ஜெயிப்போம் என்று பார்த்துவிடலாம்.

சைட்டில் யார் யார்?

முதலில் ஆட்களைப் புரிந்துகொள்ளுங்கள். செங்கல், கலவை எடுத்துக் கொடுப்பவர் சித்தாள். பெரும்பாலும் பெண்கள். மம்பட்டி பிடித்துக் கலவை போட்டு, மூட்டை தூக்கி, சாரம் கட்ட உதவுபவர் பெரியாள். தென்மாவட்டங்களில் நிமிந்தாள் என்பார்கள். கரண்டி பிடித்துச் சுவர் கட்டுபவர், பூசுபவர் கொத்தனார். ஆட்களைச் சேர்த்து, வேலையைப் பிரித்துக்கொடுத்து, கணக்குப் பார்ப்பவர் மேஸ்திரி. அவருக்கு மேலே கான்ட்ராக்டர், இன்ஜினீயர்.

நல்ல மேஸ்திரிகளில் பெரும்பாலானோர் கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தவர்கள்தான். ஆனால், கீழ்ப்படியில் நிற்கும் எல்லோரும் மேலே ஏறிவிடுவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். இந்தத் தொழிலில் முக்கியமான விஷயமே அதுதான்.

உள்ளே நுழைய மூன்று வழிகள்

ஒன்று, காலம் காலமாக இருக்கும் வழி. தெரிந்த மேஸ்திரியின் செட்டில் ஆளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது. ஃபீஸ் கிடையாது. முதல் நாளிலிருந்தே கூலி வரும். பிரச்னை என்னவென்றால், சிலபஸும் கிடையாது. எப்போது என்ன சொல்லித்தருவார்கள் என்பது மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது.

இரண்டு, ஐ.டி.ஐ. 'மேசன் (பில்டிங் கன்ஸ்ட்ரக்டர்)' என்ற பெயரிலேயே ஒரு டிரேடு இருக்கிறது. ஒரு வருடப் படிப்பு. எட்டாம் வகுப்பு பாஸ் போதும். எல்லா ஐ.டி.ஐ-யிலும் இந்த டிரேடு இருக்காது. அட்மிஷன் நேரத்தில் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று டிரேடு லிஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பிளான் படிக்க, அளவு போட, எஸ்டிமேட் எடுக்கச் சொல்லித்தருவார்கள். சைட்டில் பத்து வருடம் வேலை பார்த்தும் பலருக்குக் கைவராத விஷயங்கள் இவை.

மூன்று, குறுகிய காலப் பயிற்சி. எல் அண்ட் டி நிறுவனம் 1995-ல் சென்னையில் தொடங்கிய கட்டுமானத் திறன் பயிற்சி மையம் இதில் முன்னோடி. கொத்து வேலை, கம்பி கட்டுதல், சென்ட்ரிங் எனத் தனித்தனியாகப் பயிற்சி கொடுக்கும் மையங்கள் இப்போது பல மாநிலங்களில் இருக்கின்றன. 1961-ம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்கீழ் பெரிய நிறுவனங்களில் உதவித்தொகையோடு பயிற்சியாளராகவும் சேரலாம். 2016-ல் வந்த தேசிய அப்ரென்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில், அந்த உதவித்தொகையில் 25 சதவிகிதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது.

எது பெஸ்ட்? முடிந்தால் இரண்டைக் கலந்துகொள்ளுங்கள். மையத்தில் 'ஏன்' என்று சொல்லித்தருவார்கள். சைட்டில்தான் வேகமும் கைப்பழக்கமும் வரும். எந்த வழியில் போனாலும் 18 வயது முடிந்த பிறகு சைட்டில் கால்வைப்பதுதான் சரி.

முதல் பாடம் கலவை

சேர்ந்த உடனே யாரும் கரண்டியைத் தரமாட்டார்கள். முதல் சில மாதங்கள் மணல் சலிப்பதும் கலவை போடுவதும்தான் வேலை. இதை எடுபிடி வேலை என்று நினைத்து அலட்சியம் செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். சுவரின் உயிர் கலவையில் இருக்கிறது.

பொதுவான கணக்கு இது. 9 இஞ்ச் சுவருக்கு ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல். 4½ இஞ்ச் சுவருக்கு ஒன்றுக்கு நான்கு. 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 1¼ கன அடி சிமென்ட் இருக்கும். அப்படியானால் ஒன்றுக்கு ஆறு கலவையில் ஒரு மூட்டைக்கு 7½ கன அடி மணல். அளவுப்பெட்டி இருந்தால் அதிலும், இல்லையென்றால் ஒரே பாண்டுச் சட்டியில் தலைதட்டி அளந்தும் போடுங்கள். ஒரு நடைக்குக் கும்பாச்சி, இன்னொரு நடைக்குப் பாதிச் சட்டி என்று போட்டால் சுவரின் ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு பலம் இருக்கும்.

ஈரமணல் விஷயத்தில் கவனம் தேவை. லேசாக ஈரமான மணல் காய்ந்த மணலைவிட 20 முதல் 30 சதவிகிதம் வரை உப்பித் தெரியும். அதே சட்டி அளவில் ஈரமணலைப் போட்டால் உண்மையில் மணல் குறைவாகத்தான் போயிருக்கும். அனுபவசாலிகள் மழைக்கு மறுநாள் ஒரு கை கூடுதலாகப் போடச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது நேரம். தண்ணீர் சேர்த்த அரை மணி நேரத்துக்குள் கலவையைத் தீர்த்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் இறுகிப்போன கலவையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் பயன்படுத்துவது பல சைட்டுகளில் நடக்கிறது. பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும், பலம் இருக்காது. உங்கள் கையால் போடும் கலவையில் இந்தப் பழக்கத்தை ஆரம்பத்திலேயே ஒழித்துவிடுங்கள்.

உங்கள் பையில் என்ன இருக்க வேண்டும்?

கரண்டி (சில ஊர்களில் கரணை), தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல், மூலைமட்டம், டேப், கொத்துச் சுத்தியல், பூச்சுக்கு மணியாஸ் கட்டை. இவ்வளவுதான். எல்லாம் சேர்த்தாலும் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் விலையில் பாதிகூட வராது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சொந்தமாகக் கரண்டி வைத்திருக்கும் பையனுக்குத்தான் கட்டிப்பார்க்க வாய்ப்பு சீக்கிரம் வரும். கொத்தனாரின் கரண்டியை இரவல் கேட்டால் அவர் வேலை நின்றுபோகும், தரமாட்டார். முதல் மாதக் கூலியில் கரண்டியும் தூக்குக்குண்டும் வாங்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து வையுங்கள். கரண்டியில் காய்ந்த சிமென்ட்டை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார்கள் பழைய மேஸ்திரிகள்.

செங்கல்லைப் படியுங்கள்

இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டினால் 'ணங்' என்று உலோகச் சத்தம் வர வேண்டும். 'டொக்' என்றால் சரியாக வேகாத கல். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. மூன்று, நான்கு அடி உயரத்திலிருந்து படுக்கைவசமாகப் போட்டால் உடையக் கூடாது. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் அதன் எடையில் 20 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. மூன்று கிலோ கல் என்றால் 600 கிராம்தான் கூட வேண்டும்.

கட்டுவதற்கு முன் செங்கல்லைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த கல் கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமென்ட் இறுகத் தேவையான தண்ணீர் இல்லாமல் ஜாயின்ட் பொடிப்பொடியாகிவிடும். தொட்டியில் போட்டதும் குமிழி வருவது நிற்கும்வரை ஊறட்டும். எடுத்து நீர் வடிந்ததும் கட்டுங்கள்.

ஆனால், இந்த விதி எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. ஹாலோ பிளாக், சாலிட் பிளாக் போன்ற கான்கிரீட் கற்களைத் தொட்டியில் ஊறவைக்கக் கூடாது. ஊறிய பிளாக் காயும்போது சுருங்கிச் சுவரில் விரிசல் விடும். ஏ.ஏ.சி பிளாக்கும் அப்படித்தான். லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். அதற்கென்று தனிப் பசைக் கலவை இருக்கிறது. ஜாயின்ட் கனமே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். செங்கல்லில் முப்பது வருட அனுபவம் உள்ளவரும் இந்தப் புதுக் கல்லில் தடுமாறுவதைப் பார்க்கலாம். இளைஞர்கள் முந்துவதற்கான கேப் இங்கேதான் இருக்கிறது.

முதல் சுவர்... ஸ்டெப் பை ஸ்டெப்

முதலில் கலவை இல்லாமல் முதல் வரிசைக் கல்லை அடுக்கிப் பாருங்கள். எங்கே முழுக்கல், எங்கே வெட்டுக்கல் என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து இரண்டு மூலைகளையும் மூன்று, நான்கு வரிசை உயர்த்த வேண்டும். இதைக் கொத்தனார்தான் செய்வார். மூலை தப்பினால் சுவரே தப்பும். இரண்டு மூலைக்கும் நடுவில் நூல் கட்டி, அந்த நூலை ஒட்டிக் கல்லை நிரப்புவதுதான் கற்றுக்கொள்கிறவரின் முதல் வேலை. கல் நூலைத் தொடக் கூடாது. ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கட்டும். தொட்டால் நூல் தள்ளிப்போய், அடுத்தடுத்த கல் எல்லாம் வயிறு தள்ளி நிற்கும்.

கலவையை விரித்து, கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. படுக்கை ஜாயின்ட்டும் நிற்கும் ஜாயின்ட்டும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். செங்கல்லில் கம்பெனிப் பெயர் பதிந்த பள்ளம் மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வரிசைக் கலவை அதில் நிரம்பிப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தைக் கீழே கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்றுதான் இருக்கும்.

மிக முக்கியமான விதி: கீழ் வரிசையின் நிற்கும் ஜாயின்ட்டுக்கு நேர் மேலே மேல் வரிசை ஜாயின்ட் வரவே கூடாது. வந்தால் அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும். அதற்காகத்தான் கட்டு முறைகள். 4½ இஞ்ச் சுவரில் எல்லாக் கல்லையும் நீளவாக்கில் வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் அரைக் கல் தள்ளிப் போவார்கள். 9 இஞ்ச் சுவரில் ஒரு வரிசை நீளவாக்கு, அடுத்த வரிசை குறுக்குவாக்கு என்று மாறி மாறி வருவது இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரிசையில் நீளம், குறுக்கு என்று மாறி மாறி வந்தால் ஃப்ளெமிஷ் பாண்ட். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பிரபலமாக்கிய 'ராட் ட்ராப்' முறையில் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். செங்கல் சுமார் கால்வாசி மிச்சம், வீட்டுக்குள் வெக்கையும் குறைவு.

ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு, அதாவது சுமார் 5 அடிக்கு மேல் சுவரை உயர்த்தக் கூடாது. கீழே கலவை இன்னும் இறுகவில்லை. மேலே பாரம் ஏறினால் ஜாயின்ட் பிதுங்கும், சுவர் சாயும். 'இன்னிக்கே முடிச்சுடுங்க' என்று ஓனர் அவசரப்படுத்தினாலும் கொத்தனார் முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் இது. கட்டிய சுவருக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தூக்கு, மட்டம், மூலை

சுவர் நேராக நிற்கிறதா என்பதற்குத் தூக்குக்குண்டு. நூலில் கட்டிய குண்டோடு, குண்டின் விட்டத்துக்குச் சமமான ஒரு கட்டை இருக்கும். கட்டையைச் சுவரின் மேல்பகுதியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே இறக்குங்கள். குண்டு சுவரை லேசாக உரசி நின்றால் தூக்கு சரி. குண்டுக்கும் சுவருக்கும் இடையே சந்து தெரிந்தால் சுவர் மேலே உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. குண்டு சுவரில் மோதி நூல் வளைந்தால் மேலே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்று, நான்கு வரிசைக்கு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கலவை ஈரமாக இருக்கும்போது ஒரு தட்டில் சரியாகும். மறுநாள் என்றால் இடிக்கத்தான் வேண்டும்.

ரூமின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மட்டம் எடுக்க டியூப் லெவல். தண்ணீர் நிரப்பிய டியூபின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மூலை 90 டிகிரியா என்று பார்க்க, ஸ்கூலில் படித்த பிதாகரஸ்தான். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்துக்கொள்ளுங்கள். குறித்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வந்தால் மூலை சரி. பெரிய ரூமுக்கு 6, 8, 10 என்று இரட்டிப்பாக்கினால் இன்னும் துல்லியம். கணக்கு வாத்தியார் சொன்னபோது தூங்கியவர்கள் இங்கே முழித்துக்கொள்ளலாம்.

பூச்சு வேலை: கை பேசும் இடம்

கட்டு வேலையில் ஒருவர் எட்டு மாதத்தில் தேறலாம். பூச்சுக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். முதலில் சுவரை நனைத்து, ஆங்காங்கே கலவையில் புள்ளி வைத்துத் தூக்குப் பார்த்துக் கனத்தை முடிவு செய்வார்கள். உள்பக்கம் பொதுவாக 12 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 15 முதல் 20, சீலிங்குக்கு 6. கலவையைக் கரண்டியால் வீசி அடித்து, அலுமினியப் பட்டியால் இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து முடிப்பார்கள். வீசும்போது பாதிக் கலவை கீழே விழும், முதல் ஒரு மாதத்துக்கு எல்லோருக்கும் அப்படித்தான். மணிக்கட்டிலிருந்து வீச வேண்டும், தோளிலிருந்து அல்ல.

கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் வலை அடித்துப் பூச வேண்டும். இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், வலை இல்லாவிட்டால் அந்தக் கோட்டில் விரிசல் வரும்.

மனக்கணக்கு முக்கியம்

9 இஞ்ச் சுவரில் 100 சதுர அடிக்கு, 9க்கு 4½க்கு 3 இஞ்ச் அளவுக் கல் (ஜாயின்ட் உட்பட) என்றால் ஏறத்தாழ 1,060 செங்கல். 4½ இஞ்ச் சுவருக்கு அதில் பாதி. உடைசலுக்கு ஐந்து சதவிகிதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டிமேட் பாடப்புத்தகங்களில் ஒரு கொத்தனாரின் ஒருநாள் வேலையாகத் தளத்துக்கு மேல் கட்டும் சுவரில் ஒரு கன மீட்டர், அதாவது சுமார் 500 கல் என்றும், 12 மில்லிமீட்டர் பூச்சில் 8 சதுர மீட்டர், அதாவது சுமார் 86 சதுர அடி என்றும் கணக்கு வைத்திருப்பார்கள். கான்ட்ராக்ட் வேலையில் இதைவிட வேகமாக ஓடுகிறவர்கள் உண்டு. ஆனால், கற்றுக்கொள்கிறவருக்கு இது நல்ல இலக்கு. முதலில் 100 கல் நேராக. வேகம் தன்னால் வரும்.

இந்தக் கணக்கு தெரிந்தால், நாளைக்குச் சதுர அடி ரேட்டில் வேலை எடுக்கும்போது கையைச் சுட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

கரண்டி எப்போது கைக்கு வரும்?

இப்போது அந்த முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பத்து வருடமாகக் கலவை போட்டுக்கொண்டே இருக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திறமை இல்லையா? இல்லை. காரணம் கணக்கு.

நீங்கள் ஆளாக வேலை பார்க்கும்போது முழு வேகத்தில் பார்க்கிறீர்கள். கரண்டி பிடித்தால் உங்கள் வேகம் கொத்தனாரில் கால்வாசிதான். ரேட் பேசி வேலை எடுத்திருக்கும் மேஸ்திரிக்கு நீங்கள் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். நல்ல ஆள் ஒருவரையும் இழக்கிறார். 'அடுத்த வேலையில பாத்துக்கலாம் தம்பி' என்று தள்ளிக்கொண்டே போவது இதனால்தான். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை, நீங்கள் கேட்காவிட்டால் அது நடக்காது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? சேரும்போதே பேசிவிடுங்கள். "அண்ணே, ஆறு மாசம் எந்த வேலைன்னாலும் செய்யுறேன். அதுக்கப்புறம் தினமும் ஒரு மணி நேரம் கட்டவிடணும்" என்று வெளிப்படையாகச் சொல்வதில் தப்பே இல்லை. சாப்பாட்டு இடைவேளையில், வேலை முடிந்த பிறகு, மீந்த கலவையில் உடைந்த கல்லை வைத்துக் கட்டிப் பழகுங்கள். அதைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். காம்பவுண்டுச் சுவர், தோட்டத்துச் சுவர் போன்ற வேலை வரும்போது நீங்களே முன்வந்து கேளுங்கள்.

ஓரளவு கட்ட வந்ததும் ஆள் கூலிக்கும் கொத்தனார் கூலிக்கும் நடுவில் ஒரு தொகை பேசுவது வழக்கம். 'கத்துக்கிற பையன்தானே' என்று சொல்லி, கொத்தனார் வேலை வாங்கிக்கொண்டு ஆள் கூலியே தருவது தொடர்ந்தால் அது பயிற்சி இல்லை. ஒரு வருடம் கடந்தும் கரண்டி கைக்கு வரவில்லை என்றால் செட்டை மாற்றுங்கள். சண்டை வேண்டாம், சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோரையும் மறுபடி பார்ப்பார்கள்.

இன்னொன்று, வேலைக்குப் போன நாள், கிடைத்த கூலி, வாங்கிய அட்வான்ஸ் மூன்றையும் போனில் குறித்து வையுங்கள். அட்வான்ஸ் அதிகமாகிவிட்டால் செட்டை மாற்ற நினைத்தாலும் காலைக் கட்டிவிடும்.

சரி, வருமானம்? ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கொத்தனாரின் ஒருநாள் கூலி ஆயிரத்தை ஒட்டி அல்லது அதைத் தாண்டி இருக்கிறது. ஆனால் மாதம் முப்பது நாளும் வேலை இருக்காது. மழைக்காலம், ஐப்பசி, கார்த்திகை, ஓனருக்குப் பணம் வராத மாதம் எல்லாம் கழிந்துபோகும். தினக்கூலியை முப்பதால் பெருக்கி இ.எம்.ஐ போட்டுவிடாதீர்கள். இருபதால் பெருக்கிப் பாருங்கள்.

அந்தக் கரண்டி பெண்களுக்கு?

மேலே சொன்ன சிக்கல் பையன்களுக்குச் சில வருடம் என்றால், சித்தாள் அக்காக்களுக்கு ஆயுசு முழுக்க. கலவையைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். எந்தக் கொத்தனாருக்கு எப்போது என்ன வேண்டும் என்று கேட்காமலே தெரியும். ஆனால், கரண்டியை யாரும் கொடுப்பதில்லை. ஆண்-பெண் இருவருக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. 'நீ சித்தாள், அவர் பெரியாள்' என்று வேலைக்கே வேறு பெயர் வைத்துவிட்டால் அந்தச் சட்டம் சைட்டுக்குள் நுழைய முடிவதில்லை.

பக்கத்து மாநிலமான கேரளாவில் குடும்பஸ்ரீ மூலம் பயிற்சி பெற்ற பெண்கள் குழுவாகச் சேர்ந்து முழு வீடுகளையே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கல் வைக்கத் தேவை கண்ணும் கையும் பொறுமையும்தான். செங்கல் ஒன்றின் எடை மூன்று கிலோ. அதைத் தலையில் பத்துப் பத்தாகச் சுமப்பவருக்கு, ஒவ்வொன்றாக எடுத்துவைப்பது கஷ்டமா என்ன? கொத்தனார் ஆக நினைக்கும் பெண்களுக்கு ஐ.டி.ஐ அல்லது சான்றிதழ் பயிற்சி வழி கூடுதல் பலம். சைட்டில் சொல்லித்தராததை அங்கே கேட்டு வாங்க முடியும்.

உடம்பு ஒன்றுதான்!

ஈர சிமென்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. முதல் வாரத்தில் விரல் இடுக்கில் புண் வருவதும், முட்டி போட்டு வேலை பார்த்தால் தோல் வெந்துபோவதும் இதனால்தான். ரப்பர் கையுறை, கம்பூட் கட்டாயம். சிமென்ட் பட்ட இடத்தை உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கல் வெட்டும்போது, பூச்சைக் கொத்தும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் வரும். வந்தபின் குணப்படுத்த முடியாது. கைக்குட்டை கட்டினால் போதாது. நல்ல மாஸ்க் போடுங்கள், தண்ணீர் தெளித்து வெட்டுங்கள்.

சாரத்தில் ஏறும் முன் கட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். பலகை இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாத சைட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் ஹெல்மெட் போட்டால் கிண்டல் செய்வார்கள். கிண்டல் இரண்டு நாள்தான். மூட்டை தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்குங்கள். நாற்பது வயதில் பாதிக் கொத்தனார்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பது இருபது வயதில் தூக்கிய விதத்தால்தான்.

பதிவு பண்ணிட்டீங்களா?

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-லிருந்து செயல்படுகிறது. 18 முதல் 60 வயது வரை உள்ள கட்டுமானத் தொழிலாளர்கள் பதிவு செய்யலாம். சித்தாள், பெரியாள் என எல்லோருக்கும் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, திருமணம், மகப்பேறு உதவித்தொகை, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் போன்றவை கிடைக்கும். கட்டடம் கட்டுபவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவிகிதம் நல வரியாக வசூலித்துத்தான் இந்தப் பணம் வருகிறது. அதாவது, இது சலுகை அல்ல, உங்கள் உழைப்பின் பெயரால் ஏற்கெனவே வாங்கப்பட்ட பணம். விபத்து நடந்த பிறகு பதிவு பண்ண ஓடுவதில் பயனில்லை. சைட்டுக்குப் போன முதல் மாதமே விண்ணப்பியுங்கள், புதுப்பிக்கும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வேலை தெரிந்து சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் 'ஆர்.பி.எல்' முறை மத்திய அரசின் திறன் வளர்ப்புத் திட்டத்தில் இருக்கிறது. தேர்வு வைத்து, தேறினால் சான்றிதழ் தருவார்கள். உள்ளூர் வேலைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். பெரிய கம்பெனிக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

அதற்கப்புறம்?

கொத்தனார் ஆனதோடு முடிந்துவிடுவதில்லை. டைல்ஸ், ஏ.ஏ.சி பிளாக், வாட்டர் புரூஃபிங் என்று ஒன்றில் கை தேர்ந்தால் ரேட் தனி. செட்டிநாட்டு வீடுகளின் பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தவர்களுக்குப் புதுப்பிக்கும் வேலைகளில் தேவை இருக்கிறது. ஆரோவில்லில் இருக்கும் எர்த் இன்ஸ்டிட்யூட்டில் மண் கல் தயாரிப்பு, வளைவு, குவிமாடம் கட்டும் முறைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். செங்கல் அடுக்குவதற்கு உலகப் போட்டியே இருக்கிறது தெரியுமா? வேர்ல்டு ஸ்கில்ஸ் போட்டியில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து மார்க் போடுவார்கள்.

மேஸ்திரி ஆகவேண்டும் என்றால் பிளான் படிக்கவும், ரேட் போடவும், ஆட்களிடம் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் செட்டில் ஒரு புதுப் பையனோ பொண்ணோ வந்து கரண்டி கேட்டால், ஒரு மணி நேரம் நஷ்டமானாலும் பரவாயில்லை என்று கொடுத்துவிடுங்கள். நல்ல கொத்தனார் கிடைக்கவில்லை என்ற புலம்பல் அங்கிருந்துதான் குறைய ஆரம்பிக்கும்.